காலாங் விமான விபத்தில் மறைந்த வங்கியாளர். அவர் இல்லாமலே வென்ற வரி வழக்கு

ஜொகூர் பாரு – 1954 மார்ச் 13. சிட்னியிலிருந்து ஜகார்த்தா வழியாக லண்டன் செல்ல வேண்டிய பிரிட்டிஷ் விமானம் ஒன்று சிங்கப்பூர் காலாங் விமான நிலையத்தில் இறங்க முயன்றது. ஓடுபாதைக்குச் சற்று முன்னால் இருந்த தடுப்புச் சுவரில் மோதி, தலைகீழாகக் கவிழ்ந்து தீப்பிடித்தது. அதில் இருந்த 40 பேரில் 33 பேர் மாண்டனர். பயணிகள் 31 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

இறந்த பயணிகளில் ஒருவர் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார். இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியவர். அப்போது அவருக்கு வயது 45. ஜொகூரிலிருந்து தினமும் பாலம் கடந்து வேலைக்குப் போகும் நம்மவர்களுக்குக் காலாங் என்றால் இன்று விளையாட்டரங்கம்தான். அங்கே ஒரு காலத்தில் விமானம் இறங்கியது என்பதே பலருக்குப் புதிய செய்தியாக இருக்கும்.

அவர் இறந்தபோது ஒரு வரித் தகராறு முடியாமல் கிடந்தது. அது முடிய இன்னும் 21 மாதங்கள் ஆயின. முடிந்தபோது, இந்தியாவில் வரி மதிப்பீட்டை எதிர்ப்பவர்கள் நெடுநாள் எடுத்துக்காட்டிய தீர்ப்பாக அது ஆனது. செட்டியாரைப் பற்றி எழுதுகிறவர்கள் வங்கியைச் சொல்வார்கள், விபத்தைச் சொல்வார்கள். வழக்கைச் சொல்வது குறைவு.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். சென்னை சேப்பாக்கம் கிரிக்கெட் அரங்குக்குப் பெயர் தந்தவர் எம்.ஏ. சிதம்பரம், ராஜா சர் அண்ணாமலை செட்டியாரின் மகன். நாம் பேசும் சிதம்பரம் செட்டியார் வேறு. இவர் சர் எம்.சிடி. முத்தையா செட்டியாரின் மகன், 1908 ஆகஸ்ட் 2இல் பிறந்தவர். இருவரும் நகரத்தார், இருவருக்கும் ஒரே பெயர், இருவரும் தொழிலதிபர்கள். இணையத்தில் இருவரும் ஒருவரே என்று எழுதிவைத்திருப்பவர்களைக் குறை சொல்வதும் கடினம்.

நகரத்தாரின் கடல் கடந்த தொழில் எப்படி நடந்தது என்பது தெரிந்தால்தான் இந்த வங்கியும் புரியும், பின்னால் வந்த வரிச் சிக்கலும் புரியும். முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். அவருடைய ஏஜெண்டு ரங்கூனிலோ, பினாங்கிலோ, மூவாரிலோ கிட்டங்கியில் உட்கார்ந்து பணம் கொடுத்து வாங்குவார். கீழே அடுத்தாள்கள் கணக்கு எழுதுவார்கள். பேரேடு தமிழில் இருக்கும். ஐந்தொகை ஊருக்குப் போகும். இப்படித்தான் ரப்பர் தோட்டம் போட நினைத்த சிறு நிலக்காரருக்கும், கடை வைக்க நினைத்தவருக்கும் ஐரோப்பிய வங்கிகள் கண்ணெடுத்தும் பார்க்காத காலத்தில் கடன் கிடைத்தது. அதே கடனில் நிலம் போனவர்களும் உண்டு. 1930களின் மந்தத்தில் ரப்பர் விலை விழுந்தபோது அடமானத்தில் இருந்த நிலங்கள் செட்டியார்கள் கைக்கு வந்தன. தோட்டப்புறத்துப் பெரியவர்கள் செட்டியார் வட்டியைப் பற்றிப் பேசும்போது குரலில் இனிப்பு இருக்காது. இதை மறைத்துவிட்டு ஒரு செட்டியாரின் வாழ்க்கையை எழுதுவது சரியாகாது.

ஆனால் பெரிய லாபம் ஒன்று செட்டியார்களுக்கும் வரவில்லை. சிங்கப்பூரிலிருந்து ரப்பர் லண்டனுக்குப் போகும். ரங்கூனிலிருந்து அரிசி இங்கே வரும். இங்கிருந்து பணம் ஊருக்குப் போகும். ஒரு நாட்டுப் பணம் இன்னொரு நாட்டுப் பணமாக மாறும் ஒவ்வொரு முறையும் கழிவு ஒன்று உண்டு. அந்தக் கழிவு முழுவதும் ஐரோப்பிய வங்கிகளுக்கே போனது. அந்நியச் செலாவணித் தொழிலில் இந்தியர்களுக்கு அநேகமாக இடமே இல்லை. இளம் வயதிலேயே குடும்பத் தொழிலின் பொறுப்பை ஏற்ற சிதம்பரம் செட்டியார் கை வைத்தது இந்த இடத்தில்தான்.

1937 பிப்ரவரி 10இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி பிறந்தது. காரைக்குடி, மதராஸ், ரங்கூன் என மூன்று ஊர்களில் ஒரே நேரத்தில் கிளைகள். செட்டியாருக்கு அப்போது 28 வயது. சில வாரங்களில், அந்த ஆண்டு ஏப்ரல் 1இல், பர்மா இந்தியாவிலிருந்து தனியாகப் பிரிந்தது. ரங்கூன் கிளை வெளிநாட்டுக் கிளை ஆகிவிட்டது. பினாங்கு, கோலாலம்பூர், சிங்கப்பூர் கிளைகள் அதன் பின் வந்தன. வங்கியின் பெயரில் இருந்த ஓவர்சீஸ் என்ற சொல் வெறும் அலங்காரம் அல்ல. செட்டியார்கள் கடல் கடந்து போன வழியிலேயே வங்கியும் போனது.

வங்கியோடு அவர் நிற்கவில்லை. யுனைடெட் இந்தியா ஆயுள் காப்புறுதி நிறுவனம் அவர் தலைமையில் வளர்ந்தது. கேரளத்தின் பெரும்பாவூரில் திருவாங்கூர் ரேயான்ஸ் ஆலையைத் தொடங்கினார். மதராஸ் மவுண்ட் ரோட்டில் காப்புறுதி நிறுவனத்துக்காக ஓர் உயர்ந்த கட்டடம் எழுப்பத் திட்டமிட்டார். 1953இல் வேலை தொடங்கியது. அவர் அதை முடிந்து பார்க்கவில்லை. 1956இல் ஆயுள் காப்புறுதி நாட்டுடைமையானது, 1959இல் கட்டடம் திறக்கப்பட்டபோது அதன் பெயர் எல்.ஐ.சி. கட்டடம். பழைய தமிழ்ப் படங்களில் கிராமத்திலிருந்து சென்னைக்கு வந்து இறங்கும் கதாநாயகன் அண்ணாந்து பார்ப்பானே, அதே கட்டடம்தான்.

இனி வரிக் கதை.

இந்திய வருமான வரிச் சட்டம் 1922ஆம் ஆண்டுச் சட்டம். 1939இல் அதைத் திருத்தினார்கள். இந்தியாவில் நிலையாக வசிப்பவர் வெளிநாட்டில் ஈட்டும் வருமானமும் வரி வலைக்குள் வந்தது. ரங்கூனிலும் மலாயாவிலும் தொழில் வைத்திருந்த நகரத்தார் குடும்பங்களுக்கு இது பெரிய அடி. நமது பக்கத்தில் அப்போது வருமான வரியே இல்லை. மலாயாவுக்கு அது 1947ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் நிலையாக வந்தது.

அதே 1939 திருத்தம் இன்னொன்றையும் செய்தது. வரி அதிகாரி போட்ட கணக்கு தவறு என்றால் அவருடைய துறைக்கு வெளியே போய் முறையிட ஒரு தீர்ப்பாயம், நம் ஊர் வழக்கில் சொன்னால் நடுவர் மன்றம், அமைக்க வழி செய்தது. வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 1941 ஜனவரி 25இல் செயல்படத் தொடங்கியது. இந்தியாவில் பின்னால் வந்த தீர்ப்பாயங்களுக்கெல்லாம் அதுவே மூத்தது. இந்த வாசலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். செட்டியார் குடும்பத்தின் வழக்கு முழுவதும் இந்த வாசல் திறந்திருந்ததா, அடைத்திருந்ததா என்பதைப் பற்றியதுதான்.

அந்த ஆண்டின் இறுதியில் ஜப்பானியர் மலாயாவில் இறங்கினர். 1942இல் சிங்கப்பூரும் ரங்கூனும் வீழ்ந்தன. கிட்டங்கிகள் மூடின. ஏஜெண்டுகள் பலர் ஊர் திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டனர். வாங்கிய கடனை ஜப்பானின் வாழைமர நோட்டில் திருப்பிக் கொடுத்தவர்கள் பலர். போர் முடிந்ததும் அந்த நோட்டு வெறும் காகிதம். இப்படிப்பட்ட ஆண்டுகளில் கடல் கடந்த தொழிலின் வருமானம் இவ்வளவு என்று துல்லியமாகச் சொல்வது யாருக்கும் எளிதல்ல.

இன்னொரு பக்கம், இந்தியாவில் போர்க்காலத்தில் கொள்ளை லாபம் பார்த்து வரி கட்டாமல் தப்பியவர்களும் இருந்தார்கள். இதுவும் உண்மை. அவர்களைப் பிடிக்க 1947இல் தனிச் சட்டம் வந்தது. வருமான வரி விசாரணை ஆணையம் அமைந்தது. தலைமை ஏற்றவர் கூட்டாட்சி நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி சர் எஸ். வரதாச்சாரியார். பெருமளவு வரி ஏய்த்ததாக அரசு கருதுகிறவர்களின் பெயர்கள் ஆணையத்துக்கு அனுப்பப்படும். அந்தப் பட்டியல் எவ்வளவு சூடானது என்பதற்கு ஒரு சான்று போதும். சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர், கோயம்புத்தூர்க்காரர் ஆர்.கே. சண்முகம் செட்டியார், பட்டியலிலிருந்து சில பெயர்கள் நீக்கப்பட்ட சர்ச்சையில் 1948இல் பதவி விலகினார்.

சிதம்பரம் செட்டியார் குடும்பத்தின் கணக்குகளும் ஆணையத்திடம் போயின. விசாரித்த ஆணையம், பத்து லட்சம் ரூபாய்க்கும் மேற்பட்ட வருமானம் மறைக்கப்பட்டதாக முடிவு சொன்னது. அன்றைய பத்து லட்சம். அதை வைத்துப் பழைய ஆண்டுகளின் வரியை மீண்டும் மதிப்பிட நடவடிக்கை தொடங்கியது.

ஆணையத்தின் கையில் விழுந்தவருக்கும் சாதாரண வழியில் வரி அதிகாரியிடம் மாட்டியவருக்கும் பெரிய வேறுபாடு இருந்தது. சாதாரண வழியில் அதிகாரியின் மதிப்பீட்டை எதிர்த்து முதலில் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். அங்கேயும் தோற்றால் தீர்ப்பாயம். தீர்ப்பாயத்தில் பேரேட்டைப் பிரித்துவைத்து, இந்த வரவு லாபம் அல்ல, வாங்கிய கடன் என்று வாதிடலாம், சாட்சி காட்டலாம். ஆணையத்தின் வழியில் இது எதுவும் இல்லை. உண்மை எது என்பதில் ஆணையம் சொன்னதே முடிந்த முடிவு. சட்டப் பிரச்சினை இருந்தால் மட்டும் உயர் நீதிமன்றம். கணக்கு தவறு என்று சொல்ல இடம் கிடையாது. வரித் தகராறில் பத்துக்கு ஒன்பது கணக்கைப் பற்றியதுதானே?

நம் ஊரில் இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். இங்கே வருமான வரி மதிப்பீடு தவறு என்று நினைப்பவர், கடிதம் கிடைத்த 30 நாளுக்குள் கியூ பாரத்தைக் கொடுத்து, வருமான வரிச் சிறப்பு ஆணையர்களிடம் வழக்கைக் கொண்டுபோகலாம். விற்பனை, சேவை வரியில் சுங்கத்துறையின் முடிவை எதிர்க்கச் சுங்க மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் உண்டு. அங்கேயும் கெடு 30 நாள். ஜொகூரில் கடை வைத்திருக்கும் நம்மவர்கள் பலர் இதை ஜி.எஸ்.டி. காலத்தில்தான் தெரிந்துகொண்டார்கள். 2015 ஏப்ரல் 1இல் 6 விழுக்காட்டில் வந்த அந்த வரி 2018 ஜூன் 1இல் சுழியமாகி, செப்டம்பரில் ஒழிந்தது. வரி போய்விட்டது, கணக்கு போகவில்லை. ஏழு ஆண்டுக் கணக்கை வைத்திருக்க வேண்டும் என்ற விதி அப்படியே நின்றது. வரி ஒழிந்த பிறகும் பழைய பில்களைப் பிரித்துப் பார்த்து, பாக்கியும் அபராதமும் கேட்டுக் கடிதங்கள் வந்தன. கடிதத்தை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு, கணக்கரைப் பார்க்க நேரம் தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு 30 நாள் ஓடிப்போனது தெரியாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். வருமான வரியில் மேல்முறையீடு செய்திருக்கிறேன் என்பதற்காகப் பணம் கட்டாமல் இருக்க முடியாது. முதலில் கட்ட வேண்டும், வென்றால் திரும்ப வரும். இதில் குறைகள் இருக்கலாம். ஆனால் வாசல் இருக்கிறது, கேட்கிறவர் எல்லாருக்கும் ஒரே வாசல்தான். செட்டியார் குடும்பத்துக்கு அன்று அந்த வாசல்தான் இல்லை.

விபத்து நடந்து இரண்டரை மாதத்தில், 1954 மே 28இல், முதல் விரிசல் விழுந்தது. கல்கத்தா வணிகர் சூரஜ்மல் மோத்தா தொடுத்த வழக்கில் விசாரணை ஆணையச் சட்டத்தின் ஒரு பிரிவு செல்லாது என்றது இந்திய உச்ச நீதிமன்றம். அதே ஆண்டு அக்டோபரில் மதுரை மீனாட்சி மில்ஸ் வழக்கு. அது கருமுத்து தியாகராச செட்டியாரின் ஆலை. தமிழிசை இயக்கத்துக்கும் தமிழ்க் கல்விக்கும் அவர் செய்தவற்றைத் தமிழ் படித்தவர்கள் அறிவார்கள். அவருடைய ஆலை வரி வழக்கிலும் வரலாறு படைத்தது என்பது எங்கள் பாடத்தில் வரவில்லை. அந்த வழக்கில், விசாரணை இன்னும் முடியாமல் இருந்தவர்களுக்கு நிவாரணம் கிடைத்தது.

சிதம்பரம் செட்டியார் குடும்பத்தின் நிலை வேறு. அவர்கள் விஷயத்தில் ஆணையத்தின் விசாரணை முடிந்து அறிக்கையும் வந்துவிட்டது. முடிந்ததைத் திறக்க முடியுமா என்பதே கேள்வி. தந்தை இல்லை. மகன் முத்தையா முதலானோர் பெயரில் வழக்கு உச்ச நீதிமன்றத்தின் முன் நின்றது. அடிப்படை வாதம், சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்னும் அரசியல் சட்டத்தின் 14ஆவது பிரிவு.

வாதத்தின் எலும்பு இதுதான். வருமானத்தை மறைத்தவரைப் பிடிக்கச் சாதாரண வரிச் சட்டத்திலேயே 34ஆவது பிரிவு உண்டு. 1948இல் அந்தப் பிரிவைத் திருத்தி வலுவாக்கிவிட்டார்கள். 1954இல் மீண்டும் திருத்தினார்கள். ஆக, ஒரே வகையான குற்றச்சாட்டு உள்ள இருவரில் ஒருவரைச் சாதாரண வழியில் அனுப்பலாம், இன்னொருவரை ஆணையத்திடம் அனுப்பலாம். முதலாமவருக்குத் தீர்ப்பாயம் உண்டு, இரண்டாமவருக்கு இல்லை. யாரை எந்த வழியில் அனுப்புவது என்பது அரசின் கையில். இது எப்படிச் சமம்?

1955 டிசம்பர் 20இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது. ஒரு நீதிபதி மாறுபட்டார். மற்ற நால்வரும் குடும்பத்தின் பக்கம் நின்றனர். ஆணையத்துக்குப் பெயர்களை அனுப்பும் அதிகாரம் தந்த 5(1) பிரிவு பாகுபாடு காட்டுகிறது, செல்லாது என்றனர். இந்திய அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்த 1950 ஜனவரி 26க்கு முன்பே முற்றாக முடிந்துவிட்டவை தப்பின. அன்று நிலுவையில் இருந்தவை, பின்னால் ஆணையம் அறிக்கை கொடுத்து முடித்திருந்தாலும், நிற்காது. செட்டியார் குடும்பத்தின் மீதான மறுமதிப்பீடும் அதில் விழுந்தது.

இந்த இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். அந்தப் பத்து லட்சம் மறைக்கப்பட்டதா இல்லையா என்று நீதிமன்றம் சொல்லவில்லை. அதை அது ஆராயவும் இல்லை. ஒருவர் குற்றமற்றவர் என்று சொல்வது வேறு, அவரை விசாரித்த முறை சரியல்ல என்று சொல்வது வேறு. செட்டியாரைப் போற்றி எழுதுவோர் முதலாவதைச் சொன்னதாகக் காட்டிவிடுவதுண்டு. பணக்காரர்கள் வக்கீல் வைத்துத் தப்பினார்கள் என்று முணுமுணுப்போரும் உண்டு. அந்தப் பேச்சில் பாதி நியாயம் உள்ளது. உச்ச நீதிமன்றம்வரை போக வசதி வேண்டும்தான். ஆனால் அந்த வசதி உள்ளவர் திறந்த கதவு வழியாக அவருக்குப் பின் யார் வேண்டுமானாலும் போனார்கள்.

பஷேஷர்நாத் என்பவர் அப்படிப் போனவர். ஆணையத்தின் நடவடிக்கையில் சிக்கி, சமரசத்துக்கு ஒப்புக்கொண்டு, தவணை முறையில் பணம் கட்டிக்கொண்டிருந்தார். முத்தையா வழக்கின் தீர்ப்பு வந்த சில நாட்களிலேயே, தன் சமரசம் இனி செல்லுமா என்று வரி அதிகாரிக்கு எழுதிக் கேட்டார். நீ தானே ஒப்புக்கொண்டாய் என்றது துறை. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1958இல் அவர் வென்றார். அடிப்படை உரிமையை ஒருவர் தானாகவே விட்டுக்கொடுத்துவிட முடியுமா என்ற கேள்வி வரும்போதெல்லாம் இந்திய வழக்கறிஞர்கள் இன்றும் அந்தத் தீர்ப்பை எடுக்கிறார்கள். அதற்கு முன்படி முத்தையா வழக்கு.

சிதம்பரம் செட்டியார் விட்டுச்சென்றவற்றில் காப்புறுதி நிறுவனம் 1956இல் அரசுக்குப் போனது. வங்கி 1969 ஜூலை 19இல் நாட்டுடைமையானது. அது மலேசியக் கிளைகளுக்கு ஒரு சிக்கலைக் கொண்டுவந்தது. வெளிநாட்டு அரசுக்குச் சொந்தமான வங்கி இங்கே இயங்கச் சட்டம் இடம் தரவில்லை. எனவே 1973இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, இந்தியன் வங்கி, யுனைடெட் கமர்ஷியல் வங்கி ஆகிய மூன்றின் மலேசியக் கிளைகளும் சேர்ந்து யுனைடெட் ஏசியன் வங்கி ஆயின. வயதானவர்கள் பலருக்கு அந்தப் பெயர் நினைவிருக்கும். 1990களின் தொடக்கத்தில் அது பேங்க் ஆஃப் காமர்ஸோடு இணைந்தது. பின்னர் நடந்த இணைப்புகளில் சி.ஐ.எம்.பி.க்குள் கலந்தது. சிங்கப்பூரில் மட்டும் பழைய பெயரிலேயே வங்கி இன்னும் நடக்கிறது.

செட்டியாரின் குடும்பப் பெயர் தாங்கிய பள்ளிகள் சென்னையில் உள்ளன. காலாங்கில் விமான நிலையத்தின் பழைய கட்டடம் இன்னும் நிற்கிறது. ஓடுபாதை இருந்த பக்கம் போகும் சாலைக்கு ஓல்ட் ஏர்போர்ட் ரோடு என்று பெயர். அங்காடி உணவுக்குப் பேர்போன இடம்.